பங்களாவைப் படம் பிடிக்கிறோம். லயத்தை எங்கே விட்டோம்?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விக்டோரியா காலத்து வாழ்க்கை, வீடு, அலங்காரம் ஆகியவற்றின் மீது இன்றைய மக்களுக்கு ஏன் இவ்வளவு மோகம் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைப்பு வந்ததும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "உனக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? வெள்ளைக்கார மகாராணிக்கும் ரந்தாவ் தோட்டத்துக்காரனுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் நிறைய இருக்கிறது. அதை ஒரு கல்யாணத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் அக்காள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் எங்காவது அழைத்துப் போய்ப் படம் எடுக்கிறார்கள். இவர்கள் தேர்ந்தெடுத்த இடம், நெகிரி செம்பிலானில் ஒரு பழைய தோட்டத்துத் துரை பங்களா. மேட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், சுற்றிலும் தாழ்வாரம், பிரம்பு நாற்காலி, பளபளக்கும் பலகைத் தரை. பெண்ணுக்குப் பின்னலாடை வைத்துத் தைத்த நீளக் கவுன். மாப்பிள்ளைக்குக் கழுத்துப் பட்டையும் சங்கிலிக் கடிகாரமும். 'விண்டேஜ்' என்றார்கள். படங்கள் நன்றாகத்தான் வந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் அம்மாவும் கூட வந்திருந்தார். வயது எண்பத்து நான்கு. முப்பது வருடத்துக்கு மேல் ரந்தாவ் பக்கத்தில் பால் மரம் வெட்டியவர். படம் பிடிக்க வந்த தம்பி, "பாட்டி, மேல வாங்க, நீங்களும் நில்லுங்க" என்று அன்போடு கூப்பிட்டான். அம்மா படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, "செருப்ப எங்கப்பா விடுறது?" என்று கேட்டார். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. அம்மா கழற்றி, சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினார். நாற்காலியில் கடைசி வரை உட்காரவில்லை.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

உலகமே மயங்கிய கதை

விக்டோரியா மகாராணி 1837-இல் பட்டத்துக்கு வந்து 1901 ஜனவரியில் மறைந்தார். ஏறத்தாழ 64 ஆண்டு. இந்தக் காலத்துக்குள்தான் ரயில் பரவியது, தந்தி வந்தது, புகைப்படம் வந்தது, தையல் இயந்திரம் வந்தது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில், ஜோசப் பாக்ஸ்டன் வரைந்த கண்ணாடி மாளிகைக்குள், உலகப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. ஐந்தரை மாதத்தில் 60 இலட்சம் பேர் பார்த்தார்கள். கடைத்தெருவில் பொருளைப் பார்த்து ஆசைப்படும் இன்றைய பழக்கத்துக்கு அங்கே ஒரு தொடக்கம் இருக்கிறது.

இன்றைய மோகத்துக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முந்திய காலம் நமக்குக் கதை போலத் தெரிகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. விக்டோரியா காலம்தான் புகைப்படத்தில் அகப்பட்ட முதல் காலம். அந்த மனிதர்கள் நம்மைப் போலவே ரயில் பிடித்தார்கள், காலையில் பத்திரிகை படித்தார்கள், கடையில் விலை ஒட்டிய சாமான் வாங்கினார்கள். நம் காலம் அவர்களிடம்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அவர்களிடம் பிளாஸ்டிக் இல்லை, கைத்தொலைபேசி இல்லை, இரும்பும் மரமும் கண்ணாடியும்தான் இருந்தன. ஒரு கதவுக் கைப்பிடியில்கூடப் பூவேலை. நெருக்கமாகவும் இருக்கிறது, எட்டாமலும் இருக்கிறது. அந்த இடத்தில்தான் ஏக்கம் பிறக்கும்.

அதனால்தான் 1883-இல் வில்லியம் மோரிஸ் வரைந்த, ஸ்ட்ராபெரிப் பழம் திருடும் பறவை ஓவியம் இன்றைக்குத் தலையணை உறையிலும் கைத்தொலைபேசி உறையிலும் வருகிறது. ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்து எடுத்துப் படமாக்குகிறார்கள். நேயர்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தி: 1887-இல் வந்த முதல் ஹோம்ஸ் கதையிலேயே, துப்பறிகிறவர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுபிடிக்கிறார். நம் ஊர்ச் சுருட்டு அவர்கள் கதையில் புகைந்துகொண்டிருந்திருக்கிறது! 'செரூட்' என்ற அவர்களுடைய சொல்லே 'சுருட்டு'தான். 'கூலி' என்ற சொல்லும் நம்மிடமிருந்து போனதாகவே பலர் கருதுகிறார்கள். அது எங்கெல்லாம் போய் என்ன பாடுபட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டிலும் இந்த ரசனைக்குக் குறைவில்லை. கோலாலம்பூரில் 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அதன் கடிகாரம் முதலில் ஒலித்ததே மகாராணியின் விழாவுக்காகத்தான். பினாங்கில் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் மகாராணியின் வைர விழாவுக்கு ஒரு மணிக்கூண்டு கட்டினார். அறுபது ஆண்டு ஆட்சிக்கு அறுபது அடி உயரம். 1885-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டல் இன்றும் அதே கடலோரத்தில் இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு, பழைய கட்டடம் என்றாலே ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது. பளிங்கு மேசையும் பூப்போட்ட தரைக்கல்லும் வைத்தால் காப்பிக் கடைக்குக் கூட்டம் சேருகிறது. நம் சினிமாவுக்கோ, பங்களா என்றால் ஒன்று பணக்காரத் தாத்தா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேய் இருக்க வேண்டும்.

வேலைக்காரி இல்லாத வீடு

1999-இல் இங்கிலாந்தின் நான்காம் அலைவரிசை ஒரு நிகழ்ச்சி நடத்தியது. லண்டனில் ஒரு வீட்டை 1900-ஆம் ஆண்டு இருந்தபடியே மாற்றி, இக்காலக் குடும்பம் ஒன்றை மூன்று மாதம் அதில் குடியிருக்க விட்டார்கள். அந்தக் காலத்தை நேசித்து, விரும்பி மனுப்போட்டு வந்த குடும்பம் அது. உள்ளே போனதும் தெரிந்தது: அடுப்பு எரியாது, வெந்நீர் வராது, துணி துவைத்தால் நாள் போய்விடும். கடைசியில் உதவிக்கு ஒரு வேலைக்காரியை அமர்த்திக்கொண்டார்கள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த வீட்டின் அமைப்பே அப்படி. அழகான கூடமும் பித்தளைக் குமிழும் வெள்ளை மேசை விரிப்பும் யாரோ ஒருவர் விடியுமுன் எழுந்து தேய்த்தால்தான் அழகாக இருக்கும். 1891-இல் இங்கிலாந்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலைதான் செய்தார்கள். புகைப்படத்தில் வருவது கூடம். பின்கட்டு படத்தில் விழாது.

நம் துரை பங்களாவுக்கும் ஒரு பின்கட்டு உண்டு. ஆனால் அது பங்களாவின் பின்னால் இல்லை. மேட்டுக்குக் கீழே, பார்வைக்கு மறைவாக, ஆற்றோரத்துப் பள்ளத்தில் இருந்தது. அதன் பெயர் லயம்.

ஒரு கண்ணாடிப் பெட்டி கொண்டுவந்த தோட்டம்

லயத்துக்குப் போகுமுன் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று பேரங்காடிகளில் கண்ணாடிக் குடுவைக்குள் பாசியும் சிறு செடியும் வளர்த்து விற்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். அதுவும் விக்டோரியா காலத்து மோகம்தான். லண்டனில் நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர், 1829 வாக்கில், அந்துப்பூச்சியின் கூட்டை மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். பூச்சியைக் காட்டிலும் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. புட்டிக்குள் இருந்த ஈரமண்ணில் தானாகவே ஒரு பெரணிச் செடி முளைத்தது. தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. அதைப் பெரிதாக்கிச் செய்த கண்ணாடிப் பெட்டி பின்னர் வசதியான வீட்டுக் கூடங்களில் அலங்காரப் பொருளாயிற்று. பெரணிச் செடி வளர்ப்பது ஒரு பைத்தியமாகவே பரவியது.

அதே பெட்டி கப்பலிலும் ஏறியது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2,700 அளவுதான். அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் வார்டு பெட்டிகளில் இலங்கைக்குப் பயணமாயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்தார். பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று அவர் நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். நூறு வயதைத் தாண்டி, 1956 வரை வாழ்ந்தார். 1888-ஆம் ஆண்டிலேயே டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் நம் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்.

கூடத்தை அழகுபடுத்திய ஒரு பெட்டி நம் தலையெழுத்தையும் சுமந்துகொண்டு வந்தது. அதனால்தான் சம்பந்தம் இருக்கிறது என்று நண்பரிடம் சொன்னேன்.

மேடும் பள்ளமும் ஒரே வரைபடம்

இங்கே ஒரு திருத்தம். சுங்கை ஊஜோங் என்று அன்று அழைக்கப்பட்ட சிரம்பான் பகுதிக்கு 1874-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கை நீண்டது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-இல் ரயில் ஓடியது. அப்போது இந்தப் பக்கத்தில் நட்டது பெரும்பாலும் காப்பி. பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்த பிறகுதான் ரப்பர் பரவியது. ஆகவே ரந்தாவ் வட்டாரத்து லயங்களிலும் பங்களாக்களிலும் பலவும் மகாராணி இறந்த பின்பு எழுந்தவை. கட்டடத்தின் வயதை மட்டும் பார்த்தால் இவற்றை விக்டோரியா காலத்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வரைபடம் அவர் காலத்தது. காப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் பழகி வந்த அமைப்பையே ரப்பர் தோட்டமும் எடுத்துக்கொண்டது.

அது என்ன அமைப்பு? மேட்டின் உச்சியில் பெரிய துரை பங்களா. காற்று வரும், கொசு குறைவு, தோட்டம் முழுவதும் கண்ணில் படும். சற்றுக் கீழே சின்ன துரை. அதற்குக் கீழே கிராணிமார் வீடு. ஆபீசும் ஸ்டோரும் நடுவில். பள்ளத்தில் லயம். யார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதைப் பார்த்தே அவர் சம்பளத்தைச் சொல்லிவிடலாம்!

லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரே கூரை. அதன் கீழ் பத்துப் பன்னிரண்டு கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் பத்தடிக்குப் பத்தடி, அல்லது சற்றே கூட, ஓர் அறை. சில தோட்டங்களில் இரண்டு வரிசையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். பின்பக்கம் சன்னல் வைக்க வழியில்லை. கூரை, நெளிநெளியான தகரம். இந்தத் தகரம் 1829-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு. துத்தநாகம் பூசக் கற்றுக்கொண்ட பிறகு, பேரரசு போன இடமெல்லாம் கப்பலில் கூடவே போனது. கண்ணாடி மாளிகையைப் போலவே இதுவும் விக்டோரியா காலத்தின் அடையாளம்தான். ஆனால் கண்ணாடி மாளிகைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. மத்தியானத்தில் அதன் கீழே படுத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது.

பங்களாவின் தாழ்வாரம் ஏன் அவ்வளவு அகலம்? வெயில் சுவரில் படக்கூடாது என்பதற்காக. தரை ஏன் தூண் மேல்? ஈரமும் பூச்சியும் ஏறாமல் இருக்க. இந்த அறிவெல்லாம் அன்றைக்கே இருந்தது. 'பங்களா' என்ற சொல்லே வங்காளத்துக் குடிலிலிருந்து வந்தது. நம் நாட்டு வீட்டின் அறிவை எடுத்து மேட்டில் கட்டினார்கள். நமக்கு, இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளி குடியிருந்த வரிசை வீட்டை எடுத்துப் பள்ளத்தில் கட்டினார்கள்! இதை யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பாக இருக்கிறது.

வீட்டோடு பழக்கமும் வந்தது. விடியுமுன் மணி, பிரட்டு, செக்ரோலில் பேர், தண்டல் பார்வை. துரை வருகிறார் என்றால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். இது கதையல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இப்படிச் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதாகும். நாதனை நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள் மேல் துப்பாக்கி பாய்ந்தது. அம்மா ஏன் செருப்பைக் கழற்றினார் என்று இப்போது புரிகிறதா? அவர் வேலைக்குப் போன காலத்தில் துரை வெள்ளைக்காரர் இல்லை. சட்டமும் இல்லை. ஆனாலும் படிக்கட்டு அதே படிக்கட்டுதான்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சுகாதாரக் கேடு என்று பின்னாளில் இடித்தார்கள், இடிக்கவும்தான் வேண்டும். ஒரே ஒரு முற்றத்தைச் சுற்றிய வீடுகள் மட்டும் எப்படியோ தப்பின. அவற்றைப் பழுது பார்த்து, 2004-இல் தேசிய அறக்கட்டளை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அரண்மனைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் காக்கிற அதே அறக்கட்டளை. அங்கே ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு காலம்: 1840-கள், 1870-கள், 1930-கள், 1970-கள். கடைசி வீட்டில் கரீபியத் தீவிலிருந்து குடியேறிய ஒரு தையற்காரரின் கடை. முன்பதிவு செய்து, சிறு குழுவாகப் போய்ப் பார்க்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் எர்டிக் என்ற மாளிகைக்குப் போனால் வேலைக்காரர்கள் புழங்கிய பக்கமாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அங்கே சமையற்காரி, தச்சர், தோட்டக்காரர் படங்களெல்லாம் சுவரில் தொங்குகின்றன.

இலங்கை நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம். அங்கே மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பகுதியின் பழைய துரை பங்களாக்களைச் சொகுசு விடுதிகளாக மாற்றி 2005 முதல் நடத்துகிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் மாலைத் தேநீருக்கு மேசை விரித்து உட்கார்ந்து, கீழே கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்து ரசிக்கிறார்கள். பார்க்கப்படுகிற பெண்கள் நம் உறவினர்கள். ஆனால் அதே மலையகத்தில், கம்பளை அருகே பழைய பீகாக் தோட்டத்தில், 2007-இல் ஒரு லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். தொழிலாளர் புழங்கிய சாமான்கள், பழைய ஆவணங்கள், அவர்கள் வாழ்ந்த அறை. பெரிய பணம் உள்ளவர்கள் செய்த வேலையல்ல அது. தோட்ட மக்களுக்காக உழைக்கும் ஒரு சமூக அமைப்பு செய்தது.

இதைச் சொன்னபோது அரங்கில் ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, அந்த லயத்தில் பட்ட கஷ்டம் போதாதா? அதைப் போய்க் காட்சிக்கு வைக்கச் சொல்கிறீர்களே! எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்கள்? இடித்தது நல்லது" என்றார். கை தட்டினார்கள். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. லயத்தில் யாரும் இன்னும் குடியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல வீடு கேட்டுப் போராடியவர்கள் நாம். நான் கேட்பது வேறு. பங்களாவையும் சேர்த்து இடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். பங்களா நிற்கிறது. அதற்குச் சாயம் பூசியாகிவிட்டது. விளக்குப் போட்டாகிவிட்டது. நாளைக்கு அங்கே போகிற நம் பேரப்பிள்ளை, நம் முன்னோர் இந்தத் தாழ்வாரத்தில்தான் தேநீர் குடித்தார்கள் போலும் என்று நினைத்தால், அதைத் திருத்த அங்கே ஒரு செங்கல்கூட இருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. லயத்தில் கஷ்டம் மட்டுமா இருந்தது? திருவிழா நடந்தது, மேடை நாடகம் நடந்தது, கோயில் எழும்பியது, பள்ளிக்கூடம் எழும்பியது. லின்சம், கொம்போக் என்ற தோட்டப் பெயர்கள் இன்றைக்கும் ரந்தாவ் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளின் பலகையில் இருக்கின்றன. அந்தப் பெயர்களை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனது இந்தப் பள்ளிகள்தான்.

பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஓர் இளம்பெண் நல்ல கேள்வி கேட்டார். "அப்படியானால் எங்களுக்குப் பழைய சாமான் பிடிக்கிறது என்று சொல்வதே தப்பா?" தப்பே இல்லை, அம்மா. உங்கள் பாட்டி வீட்டிலேயே விக்டோரியா காலம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடையில் போய்ப் போலியை வாங்குகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

சாமி அறையில் லட்சுமி, சரஸ்வதி படம் இருக்கிறதா? அந்த உருவத்தை வீடுதோறும் கொண்டுவந்தது ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம். ஜெர்மானிய இயந்திரம், ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள். அரிக்கன் விளக்கு, காலால் மிதிக்கும் தையல் இயந்திரம், பஜனைக்கு வாசித்த ஆர்மோனியம், எனாமல் கோப்பை, எல்லாமே அந்தக் காலம் கொடுத்தவை. வெள்ளைக்காரன் வீட்டுக் கூடத்தில் இருந்தால் 'ஆண்டிக்'. நம் வீட்டு அட்டாலியில் இருந்தால் பழைய இரும்புக் கடைக்காரருக்கு.

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. மூடியில் படம் அச்சடித்த டின்களை ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனம் 1868-இலேயே செய்யத் தொடங்கிவிட்டது. எங்களுடையது அவ்வளவு பழையதல்ல. பெருநாளுக்கு வாங்கிய பிஸ்கட். அதற்குள்தான் அம்மா பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் சிவப்பு அடையாள அட்டை மாறி நீலம் கிடைத்த நாளின் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஒரு பால் வெட்டும் உளி எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். உளி துணியில் சுற்றி எண்ணெய் தடவி இருக்கிறது. பிடி, அவர் கை அளவுக்குத் தேய்ந்துபோயிருக்கிறது.

நான் வளர்ந்த லயம் இப்போது இல்லை. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். ஆட்கள் தாமான்களுக்கும் செனவாங் தொழிற்பேட்டைப் பக்கமும் போன பிறகு, ஒரு வாரத்தில் தரைமட்டமாக்கிச் செம்பனை நட்டுவிட்டார்கள். யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை, நான் உட்பட. அந்த வயதில் எனக்கும் அந்த இடத்தை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. அரச மரத்தடிக் கோயில் மட்டும் இருக்கிறது.

கல்யாணப் படம் எடுத்து வந்த அன்று இரவு, அம்மாவை உட்காரவைத்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் லயத்தை வரையச் சொன்னேன். கோடு போடத் தெரியாது என்றார். நான் கோடு போட்டேன், அவர் சொன்னார். பைப் எங்கே, கக்கூஸ் எங்கே, ஆயாக் கொட்டகை எங்கே, பிரட்டுக் களத்துக்குப் போகும் பாதை எந்தப் பக்கம் என்று எல்லாம் வந்தது. பிறகு பன்னிரண்டு கதவு. ஒவ்வொரு கதவிலும் யார் யார், எந்த ஊர்க்காரர், எத்தனை பிள்ளை, யார் எந்த ஆண்டு தோட்டத்தை விட்டுப் போனார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தோம். கல்யாணப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நான்காவது கதவு எங்கள் கதவு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்து கவுனை இன்னும் மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பதினொரு கதவு நிறைந்துவிட்டது. ஏழாவது கதவில் யார் இருந்தார்கள் என்பதுதான் அம்மாவுக்கு நினைவு வரவில்லை. சிலியாவில் அவருடைய வெட்டுக்காட்டுத் தோழி ஒருவர் இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறோம்.